தனித்தனியே நல்லவை, சேர்த்தால் டிஸ்ப்ளே இல்லை

புதிதாகக் கட்டிய கம்ப்யூட்டரில் டிஸ்ப்ளே வரவில்லை என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: பவர் பட்டனை அழுத்தியதும் என்ன நடக்கிறது? இருட்டுத் திரை எல்லாம் பார்க்க ஒன்று போலத்தான் இருக்கும். பின்னால் இருக்கும் கோளாறுகள் வேறு வேறு. எதுவுமே அசையாமல் கிடந்தால் மின்சாரம் வரும் வழியைப் பார்க்க வேண்டும்: எல்லாப் பாகங்களுக்கும் மின்சாரம் தரும் பெட்டியான எஸ்எம்பிஎஸ், அதன் முதுகில் இருக்கும் சுவிட்ச், மதர்போர்டில் பவர் பட்டன் ஒயர் செருகியிருக்கும் இரண்டு பின்கள். ஃபேன் ஒரு சுற்றுச் சுற்றி உடனே நின்றுவிட்டால் எங்கோ ஷார்ட் இருக்கலாம். எஸ்எம்பிஎஸ் தன்னைக் காத்துக்கொள்ள அணைந்துவிடுகிறது. மூன்றாவது வகைதான் ஆளைப் படுத்துவது. ஃபேன் எல்லாம் சீராகச் சுற்றும், விளக்கெல்லாம் எரியும், எந்தச் சத்தமும் மாறாது, திரையில் மட்டும் "நோ சிக்னல்" என்று வந்து அதுவும் அணைந்துவிடும்.

என் அக்கா மகன் கட்டிய கம்ப்யூட்டர் அந்த மூன்றாவது வகை. ரைசன் 5 5600 பிராசசர், பி550 சிப்செட் மதர்போர்டு, 8 ஜிபி டிடிஆர்4 ரேம் இரண்டு, ஆர்டிஎக்ஸ் 3060 கிராபிக்ஸ் கார்டு, 650 வாட் எஸ்எம்பிஎஸ். எல்லாம் புதியவை. கண்ணாடிப் பக்கம் வைத்த கேபினெட். அதில் கிராபிக்ஸ் கார்டை நிமிர்த்தி, ஃபேன் வெளியே தெரியும்படி மாட்டலாம். அப்படி மாட்டிய கார்டை மதர்போர்டு ஸ்லாட்டோடு இணைக்கும் ரைசர் கேபிளும் கேபினெட்டோடு கூடவே வந்திருந்தது. ஒயர்களை அவன் இழுத்துக் கட்டியிருந்த ஒழுங்கைப் பார்த்ததுமே எனக்கு மனசு நிறைந்தது. கை வேலையில் குறை இருக்காது என்று அப்போதே தோன்றியது.

"மாமா, ரேமை மாத்தி மாத்திப் போட்டுப் பாத்துட்டேன். ரப்பர் வச்சுத் தேய்ச்சும் பாத்தேன். ஒண்ணும் ஆகல."

ரப்பர் வைத்தியம் பழைய கம்ப்யூட்டருக்கு உரியது. பல வருஷம் ஓடிய ரேமின் தங்கப் பற்களில் படலம் படிந்திருந்தால் மெல்லத் தேய்ப்பது பலன் தரும். அன்றைக்குத்தான் உறை பிரித்த ரேமில் தேய்க்க ஒன்றுமில்லை. தேய்த்த துகள் ஸ்லாட்டுக்குள் விழுந்தால் புதிதாக ஒரு கோளாறு சேரும். அதை அவனிடம் சொல்லிவிட்டு, ஸ்லாட்டுகளை டார்ச் அடித்துப் பார்த்து பிரஷ்ஷால் ஒரு தரம் தட்டிவிட்டேன்.

கழற்றுவதற்கு முன்னால் மானிட்டர் பக்கத்தை முடித்துவிட வேண்டும். மானிட்டரை ஒரு லேப்டாப்போடு அதே எச்டிஎம்ஐ கேபிளில் இணைத்தோம், படம் வந்தது. ஆக மானிட்டர், கேபிள், மானிட்டரில் தேர்ந்தெடுத்திருக்கும் இன்புட் மூன்றும் சரி. கேபிள் கம்ப்யூட்டரில் எங்கே செருகியிருக்கிறது என்பது அடுத்தது. மதர்போர்டின் முதுகிலும் ஒரு எச்டிஎம்ஐ போர்ட் இருக்கும், கிராபிக்ஸ் கார்டிலும் இருக்கும். ரைசன் 5 5600-க்குள் கிராபிக்ஸ் கிடையாது. மதர்போர்டு போர்ட்டில் செருகினால் எந்தக் காலத்திலும் படம் வராது. இன்டெல்லில் எண்ணுக்குப் பின்னால் எஃப் என்று முடியும் பிராசசர்களுக்கும் இதே கதிதான். அவன் சரியாகக் கார்டில்தான் செருகியிருந்தான். சோதனைக்கு டிஸ்ப்ளேபோர்ட்டை விட எச்டிஎம்ஐதான் எனக்கு வசதி. சில பழைய கார்டுகள் புதிய மானிட்டரோடு டிஸ்ப்ளேபோர்ட்டில் இணைந்தால், விண்டோஸ் ஏறும் வரை திரையை இருட்டாகவே வைத்திருக்கும். என்விடியா தன் பழைய கார்டுகளுக்கு இதற்கென்றே ஒரு ஃபர்ம்வேர் அப்டேட் வெளியிட்டது.

பிறகுதான் மதர்போர்டைப் பார்த்தேன். பார்த்தேன் என்றால் வெறுமனே கண்ணால் பார்த்தது. இப்போது வரும் மதர்போர்டுகள் பலவற்றில் 24 பின் கனெக்டருக்குப் பக்கத்தில் கடுகளவு எல்இடிகள் நான்கு இருக்கும். சிபியு, டிரேம், விஜிஏ, பூட் என்று பக்கத்தில் பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும். கம்ப்யூட்டர் விழிக்கும்போது வரிசையாக ஒவ்வொரு படியையும் சோதிக்கிறது: முதலில் பிராசசர், பிறகு ரேம், பிறகு கிராபிக்ஸ், கடைசியில் விண்டோஸ் இருக்கும் டிஸ்க். எந்தப் படியில் நிற்கிறதோ அந்த எல்இடி எரிந்தபடி நின்றுவிடும். நாலு பக்கமும் வண்ண விளக்கு மின்னும் கேபினெட்டுக்குள் இந்தக் கடுகு விளக்கு கண்ணில் படாது. அறை விளக்கை அணைத்து, கேபினெட் ஃபேன்களின் விளக்கு ஒயரையும் பிடுங்கிவிட்டு, கண்ணாடியைக் கழற்றிக் குனிந்து பார்த்தால் தெரியும்.

பட்டனை அழுத்தினோம். சிபியு மின்னி அணைந்தது. டிரேம் எரிந்தது, சில நொடி நின்றது, அணைந்தது. விஜிஏ எரிந்தது. அணையவில்லை.

அந்த ஒரு விளக்கு பாதி வேலையை முடித்துவிட்டது. பிராசசர் உயிரோடு இருக்கிறது, பயாஸ் (மதர்போர்டுக்குள்ளேயே இருந்து கம்ப்யூட்டரை விழிக்க வைக்கும் மென்பொருள்) அந்தப் பிராசசரை அடையாளம் கண்டுவிட்டது, ரேம் சோதனையும் தேறிவிட்டது. ஆகவே ரேமை இனிமேல் கழற்றி மாட்ட வேண்டியதில்லை. எல்இடி இல்லாத மதர்போர்டு என்றால் சின்ன பீப் ஸ்பீக்கர் ஒன்றை மாட்டிக்கொள்ளலாம். ஐபிஎம் 1981-இல் கொண்டுவந்த பிசி காலத்திலிருந்தே ஒரு குட்டை பீப் என்றால் எல்லாம் சரி, ஒரு நெட்டை இரண்டு குட்டை என்றால் வீடியோ கோளாறு. இன்றைக்கு அந்தக் கணக்கு பயாஸ் தயாரிப்பாளருக்குத் தகுந்தபடி மாறுவதால் மதர்போர்டு மேனுவலைப் பார்த்துத்தான் எண்ண வேண்டும்.

வேறு விளக்கில் நின்றிருந்தால் என் கை வேறு பக்கம் போயிருக்கும். சிபியு விளக்கிலேயே நின்றால் பிராசசருக்கான 8 பின் கனெக்டர் செருகியிருக்கிறதா என்று பார்ப்பேன். செருகியிருந்தால் அடுத்த சந்தேகம் பயாஸ் பதிப்பு. பி450 மதர்போர்டில் ரைசன் 5000 வரிசைப் பிராசசரைப் போட்டால், பழைய பயாஸுக்கு அந்தப் பிராசசர் யாரென்றே தெரியாது. சில மதர்போர்டுகளில் இதற்கு ஃப்ளாஷ்பேக் பட்டன் உண்டு. ஃபேட்32 முறையில் ஃபார்மேட் செய்த பென்டிரைவில் புதிய பயாஸை வைத்துக் குறிப்பிட்ட யுஎஸ்பி போர்ட்டில் செருகி அழுத்தினால், பிராசசர் இல்லாமலே அப்டேட் ஆகும். டிரேமில் நின்றால், ஒற்றை ரேமை மட்டும் பிராசசரிலிருந்து எண்ணி இரண்டாவது ஸ்லாட்டில் போட்டுப் பார்ப்பேன். நான்கு ஸ்லாட் உள்ள மதர்போர்டுகளில் பெரும்பாலும் அதுதான் முதல் ரேமுக்கான இடம். அதே ரேமில் அடம்பிடித்தால் கூலரின் திருகைத் தளர்த்திப் பார்ப்பேன். கூலரை ஒரு மூலையில் மட்டும் அதிகமாக இறுக்கினால் பிராசசர் சாக்கெட்டில் சமமாக உட்காராது. ரேமுக்குப் போகும் தொடுமுனைகள் சில விட்டுப்போகும். ரேம் கெட்டுவிட்டது என்று மாற்றிக்கொண்டே இருப்பவர்களில் சிலருக்கு உண்மையான கோளாறு கூலர் திருகில் இருக்கும்.

டிடிஆர்4-க்கு அடுத்த தலைமுறை ரேமான டிடிஆர்5 வைத்துக் கட்டுபவர்கள் இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும். முதல் தடவை ஆன் செய்யும்போது மதர்போர்டு ரேமோடு எந்த வேகத்தில், எந்த நேர இடைவெளியில் பேசுவது என்று பழகிக்கொள்கிறது. மெமரி டிரெய்னிங் என்பார்கள். ஏஎம்5 சாக்கெட் மதர்போர்டுகளில் இது சில நிமிஷம்கூட எடுக்கும். அதுவரை திரை இருட்டாகவே இருக்கும். பொறுக்காமல் நடுவில் அணைத்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். புதுக் கம்ப்யூட்டரை ஆன் செய்துவிட்டு ஒரு கால் மணி நேரம் அதை விட்டு விலகி இருப்பது நல்லது.

நம் கதைக்கு வருவோம். விளக்கு விஜிஏவில் நிற்கிறது. "அப்போ கார்டு போச்சா மாமா?" என்றான். முகம் வாடிவிட்டது. இருக்கிற பாகங்களிலேயே ஆசைப்பட்டு வாங்கியது அதுதான்.

அவசரப்படாதே என்றேன். விளக்கு எந்த இடத்தில் வண்டி நின்றது என்றுதான் சொல்கிறது. ஏன் நின்றது என்று சொல்லவில்லை. விஜிஏ படியில் நிற்கக் காரணங்கள் பல. கார்டுக்கு மின்சாரம் போகாமல் இருக்கலாம். ஸ்லாட்டில் முழுதாக இறங்காமல் இருக்கலாம். கார்டின் ஸ்லாட்டுக்குத் தரவு போய்வரும் 16 பாதைகளும் பிராசசரிலிருந்தே நேராக வருவதால், பிராசசர் பக்கத்தில் ஒரு பின் வளைந்திருந்தாலும் கார்டு தெரியாமல் போகும். இவனுடையது போன்ற ஏஎம்4 சாக்கெட் பிராசசரின் அடியில் 1331 பின்கள் இருக்கின்றன. ஒன்றிரண்டு சாய்ந்தால் மற்றதெல்லாம் வேலை செய்து ஒரு பகுதி மட்டும் செத்திருக்கும். சில மதர்போர்டுகளில் மானிட்டர் இணைக்காவிட்டாலே விஜிஏ விளக்கு எரியும். இவ்வளவும் ஒதுங்கிய பிறகுதான் கார்டையே குற்றம் சொல்ல வேண்டும்.

மின்சாரத்திலிருந்து தொடங்கினோம். கார்டில் செருகியிருந்த 8 பின் கனெக்டரை உருவிப் பார்த்தேன். பிராசசருக்கான 8 பின்னும் கார்டுக்கான 8 பின்னும் பார்க்க இரட்டையர் மாதிரி இருக்கும், உள்ளே வேறு. பிராசசருக்கானது நான்கும் நான்குமாகப் பிரியும். நான்கு ஒயர் 12 வோல்ட், நான்கு கிரவுண்ட். கார்டுக்கானது ஆறும் இரண்டுமாகப் பிரியும். அதில் 12 வோல்ட் மூன்றுதான். இரண்டிலும் 12 வோல்ட் வரும் வரிசையும் எதிரெதிர். அழுத்தி மாற்றிச் செருகினால் ஷார்ட்தான். எஸ்எம்பிஎஸ்ஸின் பக்கம் கழற்றி மாட்டும் வகைக் கேபிள்களில் இன்னொரு எச்சரிக்கை: எஸ்எம்பிஎஸ் பக்க முனைக்குப் பொது அளவீடு கிடையாது. பழைய எஸ்எம்பிஎஸ் கேபிள் புதியதில் அழகாகச் செருகிக்கொள்ளும்; ஆனால் 12 வோல்ட் போக வேண்டிய இடத்தில் வேறு ஏதாவது போகும். கேபிளைக் கலக்கவே கூடாது. இவனுடையது எல்லாமே அந்த எஸ்எம்பிஎஸ் பெட்டியிலிருந்து வந்தவை, சரியான இடத்தில் இருந்தன.

மல்டிமீட்டரை எடுத்து, ஓடிக்கொண்டிருக்கும்போதே 24 பின் கனெக்டரின் பின்புறம் வழியாக முனையை நுழைத்து அளந்தோம். 12 வோல்ட் பாதையில் 12.08 காட்டியது. 5 வோல்ட்டும் 3.3 வோல்ட்டும் ஒழுங்காக இருந்தன. ஐந்து சதவீதம் ஏறி இறங்கலாம் என்பது ஏடிஎக்ஸ் என்ற எஸ்எம்பிஎஸ் தர அளவீட்டின் விதி. அதாவது 12 வோல்ட் பாதையில் 11.4-க்கும் 12.6-க்கும் நடுவில் இருந்தால் போதும். பழைய எஸ்எம்பிஎஸ்களில் மஞ்சள், சிவப்பு, ஆரஞ்சு என்று நிறம் பார்த்து அளக்கலாம். இப்போது பலவற்றில் எல்லா ஒயரும் கறுப்பு, பின் எண்ணைத்தான் எண்ண வேண்டும். 16-ஆம் பின்னையும் ஒரு கிரவுண்டையும் கம்பியால் இணைத்து எஸ்எம்பிஎஸ்ஸைத் தனியாக ஓடவிடும் வழக்கம் உண்டு. அது எஸ்எம்பிஎஸ் விழிக்கிறதா என்று மட்டும்தான் சொல்லும், பாரம் தாங்குமா என்று சொல்லாது. எங்கள் கம்ப்யூட்டர் இரண்டு படி ஏறிவிட்டதால் அந்தச் சோதனைக்கு வேலையே இல்லை. எஸ்எம்பிஎஸ் பெட்டியைத் திறப்பது மட்டும் எந்த நிலையிலும் வேண்டாம். உள்ளே இருக்கும் பெரிய கெப்பாசிட்டர், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் 300 வோல்ட்டுக்கு மேல் பிடித்து வைத்திருக்கும்.

மின்சாரம் சரி. இனி எல்லாவற்றையும் வெளியே எடுத்து, குறைந்தபட்சப் பாகங்களோடு ஓட்டிப் பார்க்க வேண்டும். எஸ்எம்பிஎஸ் சுவிட்சை அணைத்து, மிச்ச மின்சாரம் வடியப் பவர் பட்டனைச் சில நொடி அழுத்திப் பிடித்து, மதர்போர்டைக் கேபினெட்டிலிருந்து கழற்றி அதன் அட்டைப் பெட்டி மேலேயே வைத்தோம். ஒற்றை ரேம், பிராசசர், கூலர், கிராபிக்ஸ் கார்டு. டிஸ்க் இல்லை, முன்பக்க யுஎஸ்பி ஒயர் இல்லை, கேபினெட் ஃபேன் இல்லை. மேசை மேல் வைத்ததால் கார்டை நேராகவே ஸ்லாட்டில் இறக்கினோம். பவர் பட்டனுக்கான இரண்டு பின்களையும் ஸ்க்ரூ டிரைவர் முனையால் ஒரு கணம் தொட்டேன்.

விஜிஏ விளக்கு எரிந்தது, அணைந்தது. திரையில் மதர்போர்டின் லோகோ வந்து நின்றது.

அவன் துள்ளிக் குதித்துவிட்டான். "கேபினெட்லதான் ஷார்ட் மாமா! ஸ்டாண்ட்ஆஃப் எங்கயோ தட்டுது!"

அப்படி நினைக்க இடமிருக்கிறது. மதர்போர்டைத் தாங்கும் பித்தளைக் குமிழ் ஒன்று, ஓட்டை இல்லாத இடத்துக்கு அடியில் இருந்தால் பின்பக்கச் சாலிடரைத் தொட்டு இப்படி ஆகலாம். பலரும் இந்த இடத்தில் "கேபினெட் ஷார்ட்" என்று முடிவு கட்டி, அடியில் அட்டையும் டேப்பும் ஒட்டத் தொடங்குவார்கள். ஆனால் கேபினெட்டுக்குள் இருந்ததற்கும் மேசை மேல் இருப்பதற்கும் பல வித்தியாசங்கள். கேபினெட் போயிற்று. ஒரு ரேம் போயிற்று. டிஸ்க்கும் முன்பக்க ஒயர்களும் போயின. ரைசர் கேபிளும் போயிற்று. எது போனதால் படம் வந்தது என்று இன்னும் தெரியாது. தெரிய வேண்டுமானால் ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்க்க வேண்டும், ஒரு நேரத்தில் ஒன்றே ஒன்று. கோளாறு தேடுவதில் எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இதுதான். இதற்கு மேல் ஊகம் தேவையில்லை, பொறுமை இருந்தால் போதும்.

இரண்டாவது ரேமைச் சேர்த்தோம். படம் வந்தது. டிஸ்க்கைச் சேர்த்தோம். வந்தது. அப்படியே மேசை மேல் வைத்தபடி, கார்டுக்கும் ஸ்லாட்டுக்கும் நடுவில் ரைசர் கேபிளைச் சேர்த்தோம். விஜிஏ விளக்கு. இருட்டு.

கேபினெட் தப்பித்தது. குற்றவாளி ரைசர் கேபிள் என்று சொல்லத் தோன்றும். கையில் எடுத்துப் பார்த்தேன். கறுப்புப் பட்டையாக நாலைந்து அடுக்கு ஒயர், இரு முனையிலும் கனெக்டர், ஒரு முனையில் உலோகத் தாங்கி. கேபினெட்டுக்குள் மடக்கியிருந்த இடத்தில் மடிப்புத் தழும்பு இருந்தது, கிழிசல் இல்லை. கனெக்டர் பற்களில் எதுவும் வளையவில்லை. என்னிடம் பழைய ஜிடிஎக்ஸ் 1050 டிஐ கார்டு ஒன்று இருந்தது. அதே ரைசரில் அதைச் செருகினேன். கேபிள் செத்திருந்தால் இதிலும் இருட்டுத்தான் வர வேண்டும்.

படம் வந்தது. பளிச்சென்று.

"அப்போ கேபிளும் நல்லாருக்கு, கார்டும் நல்லாருக்கு. ரெண்டையும் சேத்தா மட்டும் ஏன் மாமா வரல?"

இந்தக் கேள்விக்குள்தான் விடை இருந்தது. இரண்டு கார்டுகளுக்கும் என்ன வித்தியாசம்? 1050 டிஐ 2016-இல் வந்தது; கார்டும் மதர்போர்டும் பேசிக்கொள்ளும் பிசிஐ எக்ஸ்பிரஸ் இணைப்பில் 3.0 தலைமுறைக் கார்டு. 3060 2021-இல் வந்தது. பிசிஐ எக்ஸ்பிரஸ் 4.0. ரைசன் 5600-உம் பி550-உம் அந்த ஸ்லாட்டில் 4.0 கொடுக்கும். கேபினெட்டோடு வந்த காகிதத்தை விரித்து ரைசர் பற்றிய வரியைத் தேடினோம். பொடி எழுத்தில் 3.0 என்று இருந்தது. கேபிளின் மேல் எந்தக் குறியும் இல்லை.

பிசிஐ எக்ஸ்பிரஸில் ஒவ்வொரு தலைமுறையும் வேகத்தைக் கூட்டும். 3.0-இல் ஒரு பாதையில் நொடிக்கு 800 கோடி மாற்றங்கள் போகும், 4.0-இல் 1600 கோடி. அதாவது கம்பியில் ஓடும் மின் அலை 4 கிகாஹெர்ட்ஸிலிருந்து 8 கிகாஹெர்ட்ஸுக்குப் போய்விடுகிறது. அதிர்வெண் ஏற ஏறச் செம்புக் கம்பியிலும் கனெக்டரிலும் சிக்னல் கரைவது கூடும்; பக்கத்து ஜோடிக் கம்பிகள் ஒன்றையொன்று தொந்தரவு செய்வதும் கூடும். மதர்போர்டில் கார்டு நேராக உட்கார்ந்தால் தூரம் சில அங்குலம்தான், ஒரே ஒரு கனெக்டர். ரைசர் வந்தால் ஒரு கேபிள் நீளமும் கூடுதலாக ஒரு கனெக்டரும் சேர்கிறது. 3.0-க்கு என்று செய்த கேபிளுக்கு 3.0-இல் எந்தக் குறையும் இருக்காது. 4.0 கேட்டால் அதன் தாங்குதிறன் தாண்டிப்போகிறது.

கார்டும் மதர்போர்டும் முதலில் மெதுவான 1.0 வேகத்தில் கை குலுக்கிக்கொண்டு, "நீ எவ்வளவு வேகம் வருவாய்?" என்று கேட்டுத்தான் மேலே ஏறும். இந்த இடத்தில் ஒரு சிக்கல். இரு முனையும் 4.0 என்று சொல்கின்றன. நடுவில் இருக்கும் கேபிளுக்கு வாய் கிடையாது, தான் 3.0 என்று அது சொல்லாது. மேல் வேகத்துக்குப் போய்ப் பிழை வந்தால் இறங்கி வர விதிமுறையில் வழி இருக்கிறது. கேபிள் மோசமாக இருந்தால் இணைப்பு அறுந்து கீழே வந்துவிடும். பாதி நன்றாக இருக்கும் கேபிளில்தான் வம்பு: இணைப்பு ஏற்படும், பிழை கொட்டும், மறுபடி முயலும், மறுபடி பிழை. பயாஸ் கார்டிலிருந்து பதில் வரும் என்று காத்திருந்து விஜிஏ விளக்கோடு நின்றுவிடுகிறது. ஏஎம்டியின் எக்ஸ்570 சிப்செட் 2019-இலும் பி550 2020-இலும் வந்து 4.0 வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்குள் நுழைந்த பிறகு, நிமிர்த்தி மாட்டிய கார்டுகளில் இந்த இருட்டுத் திரை பலருக்கு வந்திருக்கிறது.

சரி செய்ய ஒரு வழி, ஸ்லாட்டை 3.0 வேகத்திலேயே இருக்கச் சொல்வது. அதைச் சொல்ல பயாஸுக்குள் போக வேண்டும். பயாஸைப் பார்க்கப் படம் வேண்டும். பிராசசருக்குள் கிராபிக்ஸ் இல்லை. ஆகவே 3060-ஐ மறுபடி நேராக ஸ்லாட்டில் இறக்கினோம். ஆன் செய்ததும் டெலீட் பட்டனைத் தட்டிக்கொண்டே இருந்து பயாஸுக்குள் போனோம். அட்வான்ஸ்டு பகுதியில் பிசிஐஇ ஸ்லாட்டின் வேகம் ஆட்டோ என்று இருந்தது. ஜென் 3 (ஜெனரேஷன் 3, அதாவது 3.0) என்று மாற்றி, எஃப்10 அழுத்திச் சேமித்தோம். அணைத்து, ரைசரை நடுவில் சேர்த்து, ஆன் செய்தோம்.

லோகோ வந்தது.

இதோடு நான் நிறுத்துவதில்லை. படம் வந்துவிட்டது என்பதும் காரணம் அதுதான் என்பதும் ஒன்றல்ல. கேபிளைக் கழற்றி மாட்டியதில் ஏதோ ஒன்று தற்செயலாகச் சரியாக உட்கார்ந்திருக்கலாம். அதனால் கோளாறை வேண்டுமென்றே திரும்ப வரவழைத்துப் பார்த்தோம். கார்டையும் ரைசரையும் தொடாமல், மின்சாரத்தைத் துண்டித்து, சீமாஸை (பயாஸ் அமைப்புகள் சேமித்திருக்கும் நினைவகத்தை) அழிக்கும் இரண்டு பின்களை ஸ்க்ரூ டிரைவரால் சில நொடி இணைத்தேன். பயாஸ் அமைப்பெல்லாம் பழையபடி ஆட்டோவுக்குப் போயிற்று. ஆன் செய்தால் விஜிஏ விளக்கு, இருட்டு. கார்டை நேராக இறக்கி மறுபடி ஜென் 3 வைத்து ரைசரைச் சேர்த்தால் படம். சந்தேகத்துக்கு இடமில்லை.

டிஸ்ப்ளே வரவில்லை என்றால் எல்லோரும் முதலில் சொல்வது சீமாஸை அழி, பேட்டரியைக் கழற்றி மாட்டு என்பது. பல கோளாறுகளுக்கு அது நல்ல மருந்து; ஓவர்கிளாக் செய்து, அதாவது பாகங்களை வரம்புக்கு மேல் வேகமாக ஓட்டி, மாட்டிக்கொண்டவர்களை அந்த 3 வோல்ட் வட்ட பேட்டரிதான் காப்பாற்றும். இந்தக் கோளாறில் அதுவே நோயைத் திரும்பக் கொண்டுவருகிறது. பயாஸ் அப்டேட் செய்தாலும் இதே கதைதான், பெரும்பாலும் அமைப்புகள் அழிந்துவிடும். ஒருவன் ஜென் 3 வைத்துப் பல மாதம் நிம்மதியாக ஓட்டிவிட்டு, ஒருநாள் பயாஸ் அப்டேட் செய்து இருட்டைப் பார்த்தால், அப்டேட்டில் மதர்போர்டு செத்துவிட்டது என்றுதான் நினைப்பான்.

"5600ஜி வாங்கியிருந்தா உள்ளயே கிராபிக்ஸ் இருந்திருக்கும்ல மாமா, கார்ட கழட்டாமலே பயாஸுக்குப் போயிருக்கலாம்" என்றான். நியாயமான கேள்வி. ஆனால் 5600ஜி-யில் ஒரு விஷயம் உண்டு. அந்தப் பிராசசர் தருவதே பிசிஐ எக்ஸ்பிரஸ் 3.0 வரைதான். அதைப் போட்டிருந்தால் இதே கேபிள், இதே கார்டு, இதே மதர்போர்டில் கோளாறு தலைகாட்டியே இருக்காது. நாங்களும் ரைசரைப் பற்றி ஒன்றும் தெரியாமல் கேபினெட்டை மூடியிருப்போம்.

வேகத்தைக் குறைத்ததால் கார்டின் ஆற்றல் போய்விடுமா என்பது அவனுடைய அடுத்த கவலை. 16 பாதைகளோடு 3.0 ஒரு திசையில் நொடிக்குச் சுமார் 15.75 ஜிபி கடத்தும், 4.0 அதில் இரண்டு மடங்கு. காகிதத்தில் பாதியாகத் தெரிகிறது. 3060 மாதிரிக் கார்டு விளையாட்டில் அந்த முழு அகலத்தையும் கேட்பதில்லை, அதன் சொந்த மெமரியே 12 ஜிபி. கண்ணுக்குத் தெரியும் வித்தியாசம் இருக்காது. எல்லாக் கார்டுக்கும் இதைச் சொல்ல முடியாது. ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி கார்டுக்கு நான்கே பாதைகள், மெமரியும் பெரும்பாலும் 4 ஜிபி. அதை 3.0-க்கு இறக்கினால் சில விளையாட்டுகளில் நன்றாகவே அடிவாங்கும். அப்படிப்பட்ட கார்டை நேராக ஸ்லாட்டில் மாட்டிவிடுவதே சரி.

எல்லாவற்றையும் கேபினெட்டுக்குள் திரும்ப ஏற்றும்போது ரைசரை முன்பு போல மடித்துத் திணிக்காமல், பெரிய வளைவாக விட்டுத் தாங்கியைத் திருகினோம். கூர்மையான மடிப்பு உயர் அதிர்வெண் சிக்னலுக்கு ஆகாது. ரேமை இறக்கும்போது அவனைக் கிட்டே வந்து பார்க்கச் சொன்னேன். ஒரு பக்கம் மட்டும் பூட்டு இருக்கும் ஸ்லாட்டுகளில் பூட்டு இல்லாத முனை லேசாகத் தூக்கியபடி நிற்கும். தங்கப் பற்களின் விளிம்பு மயிரிழைக் கோடாக ஸ்லாட்டுக்கு மேலே தெரியும். அந்தக் கோடு இரு முனையிலும் மறைந்தால்தான் ரேம் உட்கார்ந்திருக்கிறது. இம்முறை அவனே அழுத்தி, அந்தக் கோடு மறைவதைப் பார்த்தான்.

விண்டோஸ் ஏறியதும் ஜிபியு-இசட் என்ற சின்ன மென்பொருளைத் திறந்து, கார்டு எந்த பிசிஐ எக்ஸ்பிரஸ் வேகத்தில் இணைந்திருக்கிறது என்று பார்த்தோம். முதலில் 1.1 என்று காட்டியதும் அவன் பயந்தான். கார்டு சும்மா இருக்கும்போது மின்சாரத்தை மிச்சப்படுத்த வேகத்தை இறக்கிக்கொள்ளும். பக்கத்தில் இருக்கும் கேள்விக்குறியை அழுத்திச் சோதனையை ஓடவிட்டால் உண்மையான வேகம் தெரியும். 16 பாதை, 3.0 என்று காட்டியது. அதற்குப் பிறகு ஒரு விளையாட்டை நெடுநேரம் ஓடவிட்டு, விண்டோஸ் தன் நிகழ்வுகளைக் குறித்து வைக்கும் ஈவன்ட் வியூவரில், வன்பொருள் பிழைகளுக்கான வியா லாகர் (WHEA-Logger) பதிவுகளைத் தேடினோம். பிசிஐ எக்ஸ்பிரஸ் பாதையில் பிழை வந்து, அது திருத்தப்பட்டால்கூட விண்டோஸ் அங்கே 17 என்ற எண்ணில் எழுதி வைக்கும். படம் வருகிறதே என்று விட்டுவிடாமல் இதையும் பார்ப்பது முக்கியம். பிழைகள் கொட்டிக்கொண்டிருந்தால் ஆட்டத்தின் நடுவில் திடீர்த் திணறலாகவோ முழு உறைவாகவோ ஒருநாள் வெளிப்படும். ஒரு பதிவும் இல்லை. ரேமின் 3200 வேகத்தை அதற்கு அப்புறம்தான் பயாஸில் இயக்கி, ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86-ஐ ஓடவிட்டோம். அதுவும் பிழையில்லாமல் முடிந்தது.

கண்ணாடியை மூடுவதற்கு முன்னால் ஒரு சின்ன ஸ்டிக்கரில் அவனையே எழுதச் சொல்லி, எஸ்எம்பிஎஸ் மூடியின் மேல் ஒட்டினோம்: "ரைசர் 3.0. பயாஸ் அப்டேட்டுக்கு முன் கார்டை நேராக ஸ்லாட்டில் மாட்டு. முடிந்ததும் ஜென் 3 வை. பிறகு ரைசர்." 4.0 என்று தெளிவாக அச்சிட்ட ரைசர் ஒன்று வாங்குவதாகச் சொல்லியிருக்கிறான். அது வந்ததும் ஸ்லாட்டை ஆட்டோவுக்கு மாற்றி, அதே ஈவன்ட் வியூவர் சோதனையை ஒரு முழு மாலை ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். 17 என்ற எண் ஒரு தடவை தலைகாட்டினாலும் மறுபடி ஜென் 3-தான்.